தொடங்கப்போகிறவர்

ஒரு காரியத்துக்குத் தயாராவது அந்தக் காரியத்தில் சேருமா, சேராதா? நம்மிடையே உலவும் ஓர் இனத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. தொடங்கப்போகிறவர் என்பது அந்த இனத்தின் பெயர்.

நம் ஆள் கட்டடப் படம் வரைகிறவர். லிஸ்ப் என்ற கணினி மொழியைக் கற்கப்போகிறார். மூன்று வருடமாகக் கற்கப்போகிறார். அதில் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்று தெரிந்ததும் அதற்கு வாகான விசைப்பலகை வாங்கினார், அந்த மொழிக்குப் பல கிளைகள் உண்டு என்று கேள்விப்பட்டு எதில் இறங்குவது என ஆறு மாதம் ஒப்பிட்டார், ஐந்து புத்தகம் வாங்கி ஐந்திலும் முன்னுரையைக் கரைத்துக் குடித்தார், பிறகு எழுதும் திரையைச் செப்பனிட உட்கார்ந்து, குறிக்கு ஒரு நிறம், உள்குறிக்கு ஒரு நிறம், மூட மறந்தால் சிணுங்க ஒரு மணி என்று செட்டிங்ஸை ஆயிரத்து இருநூறு வரிக்கு வளர்த்துவிட்டார். முதல் பாடம்? இரண்டையும் மூன்றையும் கூட்டுவது. அதைத் தொடவில்லை.

மனைவி வாடகை நூலகம் நடத்துகிறாள். வெள்ளையடிக்க மூடியது, திங்களன்று திறக்கிறது. எந்தப் புத்தகம் யார் கையில் என்று சொல்லும் ப்ரோக்ராம் ஒன்றை அவளுக்கு வாக்களித்திருந்தார். அவளும் உறுப்பினர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஞாயிறு காலை நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஆயிடுச்சா?”

“முதல்ல அஸ்திவாரம் முடியட்டும்.”

“மூணு வருஷமா தோண்டினா அதுக்குப் பேரு அஸ்திவாரம் இல்லீங்க, கிணறு.” திரையை எட்டிப் பார்த்தாள். “இது என்ன, ஒரே அடைப்புக்குறியா இருக்கு?”

“அது வெறும் செட்டிங்ஸ், ஆயிரத்து இருநூறு வரி.”

“எந்த மொழியில?”

“இந்தத் திரைக்கு லிஸ்ப்லதான் எழுத...” என்றவர் பாதியில் நின்றார். தெரியாத சங்கதி அல்ல. அதைப் படிப்பில் சேர்த்ததில்லை, அவ்வளவுதான்.

“ஆயிரத்து இருநூறு வரி எழுதியாச்சு, இன்னும் ஆரம்பிக்கல,” என்றாள் அவள். “சரிதான்.”

நிறம் பூசிப் பழகிய அதே கை மதியத்துக்குள் ப்ரோக்ராமை முடித்தது. முப்பதே வரி. இரவல் பேரேட்டை அதில் ஏற்றிவிட்டு, காணாமல்போன ஒரு நாவலின் பெயரைத் தட்டினாள் அவள். பல் டாக்டரிடம் இருந்தது, இரண்டு வருடமாக.

“நம்மள வாயைத் திறக்கச் சொல்றவரு, இதப் பத்தி வாயே திறக்கல பாருங்க.” பிறகு, “பரவாயில்லையே,” என்றாள். அவள் அகராதியில் அது பொன்னாடை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் அலமாரியில் முதுகு வளையாமல் நிற்கும் புத்தகங்களை அவர் எண்ணிப் பார்க்க வரப்போவதில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. அன்று மாலையே அந்த ஆயிரத்து இருநூறு வரியையும் அழித்தார். நிறமில்லாத, மணியில்லாத வெறும் திரையில் இரண்டையும் மூன்றையும் கூட்டினார். ஐந்து வந்தது.

ஏன் அழித்தீர்கள் என்று மனைவி கேட்டாள். “அஸ்திவாரம் முடிஞ்சாச்சு,” என்று இரண்டாம் பாடத்தைப் புரட்டினார்.