என் சைக்கிள் வாயை மூடிய கதை

அந்த வெள்ளிக்கிழமை படுக்கையை விட்டு எழும்போதே ஒரு பெரும் முடிவோடு எழுந்தேன். இனி என் வீட்டில் சைக்கிள் வாய் திறக்கக் கூடாது. நானே திறப்பதில்லை, அதற்கு மட்டும் என்ன சலுகை?

என் சைக்கிள் செயின் போடும் சத்தம் லேசுப்பட்டதல்ல. ஒருமுறை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மசாக்கா சந்தைக்குப் போனபோது, எதிரே வந்த லாரி ஓரம் கட்டி நின்று எனக்கு வழி விட்டது. பாதையோர ஏரிக்குள்ளிருந்து ஒரு நீர்யானை பதில் குரல் கொடுத்ததை என் காதாலேயே கேட்டேன். நம்பாதவர்கள் நீர்யானையிடமே விசாரித்துக்கொள்ளலாம்.

என் மனைவி நாலோங்கோ இந்தச் சத்தத்தைப் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பாள். இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊருக்கு அவள் நாலோங்கோ, நான் சாலோங்கோ. சொந்தப் பெயர்கள் எங்களுக்கே மறந்துவிட்டன. வீட்டிலிருந்து புறப்பட்டால் பலாமரத்தடியில் பாதை பிரியும். இடது பக்கம் மேடு, மாதா கோயிலுக்குப் போகும். வலது பக்கம் இறக்கம், முலிண்ட்வாவின் கள்ளுக்கடைக்குப் போகும். மேட்டில் மிதிக்க வேண்டும், செயின் கீச்சென்று அலறும். இறக்கத்தில் மிதிக்க வேண்டாம், செயின் கப்பென்று அடங்கிவிடும். அடங்கிய மறுகணம் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் பறந்து வரும்:

"சாலோங்கோ! அது கோயிலுக்குப் போற வழி இல்ல! திரும்புங்க!"

பார்த்தீர்களா அநியாயத்தை? கத்தினாலும் என்னைக் காட்டிக்கொடுத்தது, சும்மா இருந்தாலும் காட்டிக்கொடுத்தது. முலிண்ட்வா சனிக்கிழமைதோறும் புதுப் பானை திறப்பான். அந்த வாழைப்பழக் கள்ளை ஒரு சுரைக்குடுக்கை நிறைய வாங்கி, நாணல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பது. இந்த வயதில் நான் உலகத்திடம் கேட்பது அவ்வளவுதான். மேட்டிலும் இறக்கத்திலும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கும் செயின் கிடைத்தால், நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று எவளால் சொல்ல முடியும்?

சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினேன். குறடால் செயின் பூட்டைக் கழற்றினேன். செத்த பாம்பு மாதிரி கையில் தொங்கியது, உடம்பெல்லாம் செம்மண். அதை ஒரு சட்டியில் சுருட்டிப் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றப் போனேன். பின்னால் குரல்.

"அது என்ன சட்டி?"

"ஏதோ பழைய சட்டி."

"நேத்து ராத்திரி கடலைக் குழம்பு நல்லா இருக்குன்னு வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, அந்த ஏதோ பழைய சட்டி."

சட்டி போய்விட்டது. கையில் ஒரு தகர டப்பா வந்தது. அதோடு ஒரு பிரஷ்ஷும் வந்தது. எனக்குத் திக்கென்றது. நாலோங்கோ கேட்காமல் எதையும் கொடுக்கிறவள் அல்ல.

"தேய்ங்க, தேய்ங்க. இடுக்கெல்லாம் போகணும்," என்று எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நமக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து இந்தச் செயினுக்கு எண்ணெய் போடுங்கன்னு கத்திட்டு இருக்கேன். இன்னைக்கு என்ன திடீர்னு?"

"இரும்பா இருந்தாலும் அதுக்கும் வலிக்கும்ல?"

"கிணத்துலேருந்து நான் தண்ணி சுமக்கறப்ப இந்த இரக்கம் எங்க போச்சு?"

"நீ கீச்சுனு சத்தம் போடலியே."

"போடறேன், இருங்க."

மண்ணெண்ணெய் செந்நிறமாகி, பிறகு கறுத்து, தார் மாதிரி ஆகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றித் தேய்த்தேன். எங்கள் ஆடு கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு வந்து டப்பாவை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. அந்த மணியும் நாலோங்கோ கட்டியதுதான். பக்கத்து வீட்டு லுபேகாவின் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் அது திருட்டுத்தனமாக மேய்ந்துகொண்டிருந்தது. மணி கட்டிய பிறகு எங்கே நகர்ந்தாலும் இவளுக்குத் தெரிந்துவிடும். பாவம், வாயில்லா ஜீவன் என்று பரிதாபப்பட்டேன்.

லுபேகா மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவன். வேலிக்கு மேலாக ஒரு குப்பி ஆயிலை நீட்டினான்.

"செயின்ல ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு சொட்டு, சாலோங்கோ. தாராளமா ஊத்தினா புழுதி எல்லாம் ஒட்டிக்கும். மறுபடி கத்தும்."

"ஊத்தினதுக்கு அப்புறம்?"

"பெடலைப் பின்னால சுத்தி உள்ள இறங்க விடு. மேல நிக்கற எண்ணெயத் துணியால துடைச்சு எடுத்துடு. அப்புறம் பாரு, பூனை மாதிரி போகும்." குரலைத் தாழ்த்தினான். "எங்க போகப் போற?"

"கோயிலுக்கு."

லுபேகா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாலோங்கோ சிரிக்கவில்லை. பாயை மெதுவாகச் சுருட்டினாள்.

"செயினை நல்லா காய விட்டு மாட்டுங்க. நான் அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன். ரொம்ப நாளாச்சு."

போய் வா, தாயே! நிதானமாகவே வா! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. செயினைக் காய விட்டு மாட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டேன். பெடலைச் சுற்றினேன். எண்ணெய் மினுக்கோடு செயின் ஓடியது. சத்தம்? மூச்! எறும்பு நடப்பதே அதைவிட அதிகமாகக் கேட்கும்.

மறுநாள் காலை பல் துலக்கினேன். வாயெல்லாம் மண்ணெண்ணெய்.

"நாலோங்கோ! என் பிரஷ்ஷையா கொடுத்தே?"

"உங்க சைக்கிள்தானே?"

பொறுத்துக்கொண்டேன். பெரிய வெற்றி காத்திருக்கும்போது சின்னத் தோல்விகளைக் கண்டுகொள்ளக் கூடாது. மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு, "கோயில்ல பாட்டுப் பயிற்சி," என்று சொல்லிவிட்டு ஏறினேன். பலாமரம் வந்தது. வலது பக்கம் திருப்பினேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். குரல் வரவில்லை! இறக்கத்தில் இன்னும் இரண்டு மிதி மிதித்தேன், சும்மா ஒரு திமிருக்கு. காற்று சட்டைக்குள் புகுந்தது. முலிண்ட்வாவின் பானை மணம் மூக்குக்குள் புகுந்தது.

வளைவு திரும்பினேன். கள்ளுக்கடை வாசலின் நட்டநடுவில் பாய் விரித்து, முறத்தில் வறுத்த கடலையோடு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் என் மாமியார்.

எங்கள் ஊரில் மருமகனும் மாமியாரும் ஒருவரையொருவர் தொடக் கூடாது. பக்கத்தில் போகவே கூடாது. தொட்டால் ஆயுசுக்கும் கை நடுங்கும். இத்தனை வருடமாக என் செயின் அலறலைக் கேட்டதுமே அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாழைத் தோப்புக்குள் மறைந்துவிடுவாள். இன்று மிதித்தும் செயின் அலறவில்லை. அவளும் நகரவில்லை. சைக்கிளோ எண்ணெய் போட்ட திமிரில் பறக்கிறது. கை நடுங்கினால் குடுக்கையை எப்படிப் பிடிப்பேன்? கள் முழுக்க மடியில் அல்லவா போகும்! ஹேண்டிலை ஒடித்தேன். பாதையோரச் சதுப்பு என்னை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. மாமியாருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு கடலை நுழைய இடமிருந்திருந்தால் அதிகம்.

"ஐயோ, மருமகனா!" என்று முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல். கடைக்குள்ளிருந்து ஊரே சிரித்தது. எல்லாருக்கும் மேலாக லுபேகாவின் சிரிப்பு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தேன். நாலோங்கோ வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாட்டுப் பயிற்சி சேத்துல நடந்துச்சா?"

"உங்கம்மாவுக்கு அங்க என்ன வேலை?"

"கடலை விக்கிறாங்க. நேத்து நான்தான் போய் இடம் பாத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை நல்ல கூட்டமாமே?"

"சனிக்கிழமை மட்டுமா?"

"தினமும்தான்."

"மழை வந்தா?"

"கடைக்குள்ள ஒரு மூலை விட்டுக் கொடுக்கறேன்னு முலிண்ட்வா சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்."

இனி அந்த வாசலை நான் மிதிக்க முடியாது. அவள் அதோடும் விடவில்லை.

"அம்மாவுக்கு நெஞ்சு இன்னும் படபடங்குது. பொருமிட்டே ஆளனுப்பியிருக்காங்க. மருமகன் பேய் மாதிரி சத்தமில்லாம வந்தா அவங்க எப்படி ஒதுங்குவாங்க? நாளைக்குச் சந்தை வழியில இடிச்சுட்டீங்கன்னா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மரியாதை என்று சொன்ன பிறகு எந்த ஆண்பிள்ளையால் மறுத்துப் பேச முடியும்? அன்றே ஆட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து, என் சைக்கிள் ஹேண்டிலில் கட்டினாள். மேட்டிலும் அடிக்கிறது, இறக்கத்திலும் அடிக்கிறது. சும்மா சாய்த்து வைத்தால்கூடக் காற்றுக்கு அடிக்கிறது. இப்போது கோயில் மேட்டைத் தவிர நான் எங்கும் போவதில்லை.

ஆட்டுக்குத்தான் மணி இல்லை. அது எங்கே போகிறது, எப்போது போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நேற்று மாலை முலிண்ட்வா கடைப் பக்கமிருந்து தள்ளாடித் தள்ளாடி வந்து, என் மடியில் தலையை வைத்து, திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டது.