எருமை விற்று எடுத்த படம்

யாரிடமும் கைநீட்டாமல் ஒரு சினிமா எடுத்தே தீருவது என்று செஞ்சிக் கடைத்தெரு போட்டோக்காரர் செபாஸ்தியான் முடிவு செய்தார். யுத்தம் முடிந்து, கடை ஈயோட்டிக்கொண்டிருந்த நேரம். சொன்னபடியே யாரிடமும் கைநீட்டவில்லை. மனைவி லூர்துமேரியின் எருமையைத்தான் விற்றார்.

அந்தக் காசில் பட்டணத்திலிருந்து கையால் சுற்றும் பழைய காமிரா ஒன்று வந்து இறங்கியது. ஊரே பேசும் படம் பார்த்துக்கொண்டிருக்க, இவருடையது பேசாத படம். பேசுவதற்கு வீட்டில் ஆள் இருந்தபடியால் அது ஒரு குறையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"எருமை என்னுது. கைப்பிடிய நான் சுத்துறேனே," என்றாள் லூர்துமேரி. "தெனம் திருகை சுத்துற கைதான்."

"காமிரா இன்னா கேவுரு அரைக்கிற திருகையா? நீதான் ராணி. வேற ஆளு வச்சா கூலி கேப்பாங்க. நீ கேக்கமாட்ட."

"இந்த வெயில்ல கோட்டை ஏறணுமா?"

"ராணின்னா ஏறித்தான் ஆவணும்."

அவள் சரி என்றுவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ராஜாவாக நடிக்கச் சிங்கவரத்துக் கூத்துக்காரன் கன்னியப்பன் வந்தான். கூலி வேண்டாம், மத்தியானச் சோறு போதும் என்றான். அகலமான தோள், சுருட்டை முடி. அவனை வைத்துச் சண்டைக் காட்சி எல்லாம் எடுத்தாகிவிட்டது. பாதி பிலிம் தீர்ந்தது. பாக்கி இருந்தது ராணியுடன் காதல்.

வினை சாப்பாட்டில் ஆரம்பித்தது. கன்னியப்பன் இலையில் விரால் மீனின் நடுத்துண்டு விழுந்தது. செபாஸ்தியான் இலையில் வால்.

"இன்னாடி இது?" என்று சமையலறையில் போய்க் கேட்டார்.

"ராஜாவா நிக்கணுமில்ல அவரு. தெம்பு வேணாமா?"

அவரு! வாலில் இருந்ததைவிடப் பெரிய முள் அந்தச் சொல்லில் இருந்தது. 'அண்ணன்' என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

மறுநாள் 'அவரு'க்கு முட்டை. அதற்கு மறுநாள், "அவரு நடந்தா கோட்டையில அந்தக் கல்யாண மகாலே அதிருதுங்க," என்றாள். இத்தனை வருஷம் செபாஸ்தியான் நடந்து அந்த வீட்டில் ஒரு தட்டுகூட அதிர்ந்ததில்லை. பொறாமையில் வெந்துபோனார். கன்னியப்பனைத் துரத்தலாமென்றால் பாதிப் படம் அவன் மூஞ்சி. திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை. விற்க இன்னொரு எருமையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் பிறன் மனை பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது. வீடு வந்ததும் சொன்னார்.

"லூர்து, நீ நடிக்க வேணாம்."

"ஐயையோ, அவரு மனசு ஒடஞ்சி பூடுமே."

"ஒடையட்டும். கூத்துல ராணி வேஷம் யாரு கட்றாங்க? ஆம்பளதானே?"

"அந்தாளுக்குக் கூலி குடுக்கணுமே."

"எதுக்கு? நானே கட்றேன்."

லூர்துமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துச் செபாஸ்தியான் உள்ளூரப் பூரித்தார்.

"அப்ப காமிராவ யாரு சுத்துறது?" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீயே சுத்து. திருகை மாதிரிதான்."

அடுத்த நாள் கல்யாண மகால் படியில், மனைவியின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை மழித்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் ராணி நின்றாள். கன்னியப்பன் இடுப்பை வளைத்தான். வேப்பமர நிழலில் லூர்துமேரியின் கை ஒரே சீராகச் சுற்றியது.

"இன்னும் கிட்ட," என்றாள். "மூஞ்ச ஏங்க அப்பிடி வெச்சிருக்கீங்க? வெக்கப்படுங்க. தொடறது உங்க ராஜாதானே."

காட்சி முடிந்தது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தாள்.

"கன்னியப்பண்ணே, இன்னையிலேருந்து ரசந்தான்."

"அதுக்கின்னா தங்கச்சி, ஊத்து," என்றான் கன்னியப்பன்.

செபாஸ்தியானுக்கு எல்லாம் புரிந்துபோனது. கோபமாக மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். அங்கே மீசை இல்லை.