கடைசி நேர விலை

எந்தப் பொருளுக்கும் கடைசி நேரத்தில் விலை இறங்கும். இது என் வேதம். சந்தேகம் இருந்தால் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் சிவகாசிக்கு வந்து பாருங்கள். காலையில் கறாராகப் பேசிய பட்டாசு வியாபாரி, இருட்டத் தொடங்கியதும் இளகிவிடுவான். விற்காத சரவெடியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வீட்டில் வைத்து அழகு பார்க்கவா முடியும்? "குடுக்கிறதைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்பான். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். பலவேசம் பட்டாசுக் கடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பலவேசம் அடியேன்தான்.

ஆகவே விமான டிக்கெட்டையும் கடைசி நேரத்தில்தான் வாங்குவது என்று ஆடி மாதத்தில் ஒரு தீர்மானம் போட்டேன். போட்டதும் என் மனைவி பாலம்மாளிடம் அறிவித்தேன். எங்கள் ஒரே மகள் ஐஸ்வர்யா ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இருக்கிறாள். கார்த்திகையில் அவளுக்குப் பிரசவம். இருவருக்கும் விசா வந்துவிட்டது. டிக்கெட்தான் பாக்கி.

"டிக்கெட் போட்டாச்சாங்க?"

"போடலாம்."

"எப்பம்?"

"விலை இறங்கட்டும்."

"இறங்காட்டி?"

"இறங்கும், பாலம்மா. மேல போறதெல்லாம் கீழ வந்துதான் ஆகணும். ராக்கெட்டைப் பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேன். வெடிச்ச பிறகுதான் வரும்."

அத்தோடு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாலம்மாள் இப்போதெல்லாம் இவ்வளவுதான் பேசுகிறாள். முன்பு அப்படி இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் நான் கடைக்குப் போகும் நேரம் தவறிவிடும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐஸ்வர்யாவுக்கு முதல் பிள்ளை நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. அப்போது எங்களுக்கு விசா வரவில்லை. போனில்தான் பார்த்தோம். பெண் பிள்ளை. மருமகன் ஸ்ரீராம்குமார் அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். ஐஸ்வர்யா "அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். பாலம்மாள் பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிறதாக நினைத்துக்கொண்டு போன் திரையைத் தடவினாள். தடவியதில் அழைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் குறைத்த பேச்சை நான் வேடிக்கையாகக் கூட்டிக்கொண்டேன். வீடு என்று இருந்தால் யாராவது பேச வேண்டுமல்லவா.

புரட்டாசியில் என் வேட்டிகள் காணாமல் போகத் தொடங்கின. சீசன் நேரம், கடையில் கூட்டம் தள்ளுகிறது, உடுத்த வேட்டி இல்லை.

"ஏ பாலம்மா, என் பச்சைக்கரை வேட்டி எங்க?"

"கிழிச்சுட்டேன்."

"கிழிஞ்சுருச்சா?"

"கிழிக்கலைன்னா எப்படிக் கிழியும்? நாந்தான் கிழிச்சேன். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில ஏந்தப்படாது. பழந்துணிதான் உறுத்தாது."

"போன தடவை வச்சிருந்த துணி பெட்டியில இருக்குமே?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் கொடியில் காய்ந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள்.

"அது அந்தப் பிள்ளைக்கு எடுத்தது" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். "அதுக்காக என் வேட்டிதானா கிடைச்சது?"

"உங்களைத் தவிர அம்புட்டுப் பழசா இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?"

அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னாலே எனக்குச் சந்தோஷம். இன்னும் இரண்டு வேட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த சீசனில் எனக்கு ஒரு நல்ல பார்ட்டி அமைந்தது. திருத்தங்கல் சுப்புலட்சுமி. நான் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிற பெண்மணி. ஆடிப்பெருக்கு அன்றைக்கே அட்வான்ஸ் அனுப்பி ஆர்டர் போட்டுவிட்டது. ஆட்டோ வரும், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும், பேரமே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் நான் அந்தப் பெண்மணியின் புகழைத்தான் பாடுவேன்.

"புத்திசாலின்னா அதுதான் புத்திசாலி, பாலம்மா. முன்கூட்டியே பணத்தைக் கட்டி, அடிமாட்டு விலைக்கு வாங்கிருச்சு. எவனுக்கும் நான் அந்த விலை குடுத்ததில்ல."

"அப்ப முன்கூட்டி வாங்கினா மலிவுன்னு சொல்லுறீக."

"பட்டாசுல."

"டிக்கெட்டுல?"

"அது வேற."

"இன்னும் கொஞ்சம் ரசம் விடவா?" என்று கேட்டாள்.

தீபாவளி வந்தது, போனது. ஐப்பசி முடியப் போகிறது. பக்கத்து வீட்டு செல்லச்சாமி காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர். போனில் எதையும் தேடி எடுத்துவிடுவார். அவரிடம் டிக்கெட் விலையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். முகம் மாறியது.

"ஏறியிருக்கு அண்ணாச்சி."

"இறங்கும்."

"ஆடிக்கு இப்பம் ரெண்டு பங்கு ஏறியிருக்கு. ஆனா இன்னா பாருங்க, திருச்சியில இருந்து ஒரு மலிவு விமானம் இருக்கு. எழுபது பெர்சென்ட் தள்ளுபடி."

அந்தப் போனைக் கைப்பற்றி வெற்றி வீரனாக வீட்டுக்குள் போனேன். பாலம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கடை விலைப்பட்டியல்ல எம்பது பெர்சென்ட் தள்ளுபடின்னு போடுறோமே. அது நெசமா?"

"விலையை ஏத்திப் போட்டுத்தானே குறைக்கோம். அது தொழில்."

"அவுகளும் தொழில்தானே பண்ணுறாக."

"நீ சும்மா இரு. இன்னும் நாலு நாள் போனா இதுவும் இறங்கும். அப்ப ரெண்டு பேருக்கும் எடுத்துருவோம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

உங்களிடம் மறைப்பானேன். விலைக்காக மட்டும் நான் காத்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் அப்படி ஒன்று நடந்தால், இந்தத் தடவை போனில் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்போது என் மகளிடம் என்ன வேடிக்கை சொல்வேன்? டிக்கெட் எடுக்காத வரைக்கும் அந்த நாள் வராது என்று மனசுக்குள் ஒரு முட்டாள்தனமான கணக்கு.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். வீடு பூட்டியிருந்தது. செல்லச்சாமி சாவியோடு வந்தார்.

"மதினி காலையில மதுரைக்குப் போயிட்டாக, அண்ணாச்சி."

"மதுரைக்கு என்னத்துக்கு?"

"விமானத்துக்கு."

"யாரை வழியனுப்ப?"

"அவுகளேதான் போறாக. ஆஸ்திரேலியாவுக்கு."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சாத்தூர் சேவு வாங்கப் போனால்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவள்.

"தனியாவா போனா?"

"டிக்கெட்டைப் புரட்டாசியிலேயே எடுத்துட்டாகளாம். சாம்பார் இருக்காம். சுட வச்சுச் சாப்பிடச் சொன்னாக."

சாம்பாரைச் சுட வைத்தேன். சாப்பிட முடியவில்லை. கொடியில் என் வேட்டித் துணிகள் ஒன்றுகூட இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷி, ஒரு டிக்கெட் விஷயத்தில் என்னை நம்பவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செல்லச்சாமியைக் கூப்பிட்டு அந்த எழுபது பெர்சென்ட்டை எடுக்கச் சொன்னேன். கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து மெல்போர்னுக்குத் தனியாக வேறொரு டிக்கெட். சேர்த்து எடுப்பதைவிட அதுதான் மலிவாம்.

மலிவின் மகிமையைத் திருச்சியில்தான் பார்த்தேன். கைப்பைக்குள் எல்லாம் அடங்க வேண்டும், மிஞ்சினால் பணம். மிஞ்சியது. கட்டினேன். ஜன்னலோரம் என்றால் பணம். நடுவில் என்றாலும் பணம். போகிற போக்கில் எங்காவது உட்காரச் சொன்னார்கள். சோதனையில் என்ன தொழில் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பதிலைச் சொன்னேன். என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று கையையும் காலணியையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். வானத்தில் பச்சைத் தண்ணீருக்கும் பணம். கம்பளி கேட்டேன், அதற்கும் பணம் என்றார்கள். குளிரில் உட்கார்ந்து எங்கள் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் இனாம்.

விமானம் கிளம்பும்போதே தாமதம். கோலாலம்பூரில் இறங்கி நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மெல்போர்ன் விமானம் கதவைச் சாத்திவிட்டது. மன்றாடினேன். கவுண்டரில் இருந்த பெண் அமைதியாகச் சொன்னாள், அது தனி டிக்கெட்டாம். இந்த விமானம் தாமதமானதற்கு அந்த விமானம் காத்திருக்காதாம். புது டிக்கெட் எடுக்க வேண்டுமாம். கடைசி நேர விலையாம்.

அன்றைக்குத்தான் அந்த மூன்று வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரிந்தது. கேட்ட விலையைக் கொடுத்தேன். அடுத்த விமானத்துக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போது போன் அடித்தது. மருமகன்.

திரையில் யார் முகம் வரும் என்று எடுக்கவே பயம். எடுத்தேன்.

பாலம்மாள் வந்தாள். அவள் கையில் ஒரு பச்சைக்கரை. அதற்குள் ஒரு சிவப்பு முகம். நான் வாயைத் திறக்கும் முன்னால் அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்க என் குடும்பம் இரண்டு வருஷம் காத்திருந்தது. பாலம்மாளும் அழுதாள். நான் அத்தனை தேசத்துக்காரர்களுக்கும் நடுவே, பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு சீனப் பெரியவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பணம் கேட்கவில்லை.

"ஆம்பளைப் பிள்ளைதாங்க" என்றாள் பாலம்மாள்.

"ஐசு எப்படி இருக்கா?"

போன் ஐஸ்வர்யாவிடம் போனது. வெளிறிய முகம். சிரித்தாள்.

"வலி வந்தப்ப உங்களைத்தான்ப்பா தேடுனேன்" என்றாள். "நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பீகன்னு."

அவள் கன்னத்தைத் தொட வேண்டும்போல இருந்தது. திரையைத் தடவினேன். அழைப்பு அறுந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்; காலையிலேயே ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிவிட்டார்களாம். பாலம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்க. சாப்பிட்டீகளா?"

முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்விதான். கையைக் கழுவச் சொல்லி, உட்காரச் சொல்லி, பிள்ளையை என் மடியில் வைத்தாள். என் வேட்டிக்குள் என் பேரன் தூங்கினான். உள்ளே அவன் அம்மா தூங்கினாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அந்த வலியில் அவள் கையைப் பிடித்திருக்கலாம். இனி எந்தத் தள்ளுபடியிலும் அந்த நாள் எனக்குக் கிடைக்காது.

மெதுவாகக் கேட்டேன். "உன் டிக்கெட் என்ன விலை, பாலம்மா?"

சொன்னாள். நான் கட்டியதில் பாதிகூட இல்லை. அதில் சாப்பாடு, கம்பளி, இரண்டு பெட்டி எல்லாம் சேர்த்தி.

"பணம் ஏது?"

"தெருப் பொம்பளைகளைச் சேர்த்து தீபாவளிச் சீட்டுப் பிடிச்சேன். பணம் புரட்டாசியிலேயே வசூல் ஆகிருச்சு. அதுல வந்த லாபம்."

"பட்டாசு எங்க எடுத்த?"

"நம்ம கடையிலதான். எனக்குன்னா நீங்க விலையைக் குறைக்க மாட்டீக. சுப்புலட்சுமி என்கூடப் படிச்சவ. போன்ல பேசுனது மட்டும் அவ."

நான் பிள்ளையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவன் தூக்கத்தில் உதட்டைச் சுழித்தான்.

"ஏங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விலை இறங்கட்டும்பீக." அவள் குரல் தணிந்தது. "நீங்க விலைக்காக நிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு அங்கனயே இருந்தா, இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா? நான் கூப்பிட்டா நீங்க வர மாட்டீக. நான் கிளம்பிட்டா பின்னாலேயே வந்துருவீக."

சொல்லிவிட்டு முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். அவள் இவ்வளவு பேசிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த சீசனுக்குச் சுப்புலட்சுமிக்குத் தள்ளுபடியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. உங்க டிக்கெட்டையும் சேர்த்து நானே எடுத்துருதேன்."