தட்டின் மறுபக்கம்

வீட்டில் எடுபடாத தன் குரலை ஊரைக் கூட்டிக் கேட்க வைப்பது என்று பாட்டுக்காரர் ஒருநாள் முடிவு செய்தார்.

பகலில் அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலையிலிருந்து மேலே போய்க் கீழே வந்து, கடைசியில் கிளம்பின தரைத்தளத்திலேயே நிற்பதுதான் தன் பிழைப்பு என்று அலுத்துக்கொள்வார். வேலை முடிந்து கிடாரை மாட்டிக்கொண்டால் ஒரு ராக் குழுவுக்குத் தலைவர். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டிரம்ஸ் அடிப்பவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். பேஸ் கிடார் வாசிப்பது மச்சான், அதாவது பாட்டுக்காரர் மனைவியின் தம்பி. தலைவரைக் கழித்தால் தொண்டர்கள் இரண்டு பேர்.

அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு வரப்போகிறது. ஆலையில் அச்சடித்து வருவதில்லை, வீட்டிலேயே ஒவ்வொன்றாகக் கையால் வெட்டுவது. டிரம்ஸ்காரர் எங்கிருந்தோ பழைய வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். பாட்டை ஓடவிட்டால், அது ஓட ஓட ஒரு ஊசி பிளாஸ்டிக் வட்டில் கோடு கிழித்துக்கொண்டே போகும். முடி மாதிரி சுருள் சுருளாகத் தூள் எழும். ஒரு தட்டு முடிந்தால் அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து முழுப் பாட்டும் ஓடியாக வேண்டும்.

முதல் பக்கத்துப் பாட்டு பாட்டுக்காரர் எழுதியது. பெயர் ‘செவிட்டு வீடு’. ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான், வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூன்றாவது சரணத்தில், அவன் பெண்டாட்டி பகலெல்லாம் ஊரார் காதைச் சோதித்துவிட்டு, வீட்டு வாசலில் தன் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறாள். பாட்டுக்காரரின் மனைவிக்கு வேலை காது பரிசோதனை நிலையத்தில். யாரைச் சொல்கிறது பாட்டு என்று கேட்கவே வேண்டியதில்லை.

அவள் அதை முதன்முதலாக வெளியீட்டு விழாவில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. அங்கே எழுந்து பதில் சொல்ல முடியாது. வீட்டில் என்றால் அவள் ஒரு பார்வையிலேயே பல்லவியை முடித்துவிடுவாள்.

சிக்கல் என்னவென்றால், இயந்திரத்துக்கு ஆடாத, மட்டமான தரை வேண்டும். டிரம்ஸ்காரர் எல்லார் வீட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பாட்டுக்காரர் வீட்டுப் பின்னறைதான் தேறியது. அங்கே அந்தப் பாட்டு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும். அதனால் மனைவியை அனுப்பியாக வேண்டும். பிளாஸ்டிக் தூளின் வாடை தலைவலி கொடுக்கும், வேலை முடிகிறவரைக்கும் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வா என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். கல்யாணமானதிலிருந்து அவர் சொன்னது ஒன்று அப்படியே நடந்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பெருமை.

முதல் பக்கத்தை வெட்டி முடிக்கிறவரை அவர் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. தன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டும் அவருக்குச் சலிக்கவில்லை. மறுபக்கத்துக்கு என்ன போடுவது என்று மச்சான் கேட்டான்.

“ஏதாவது போடுங்கடா. அந்தப் பக்கத்தை எவன் கேக்கப் போறான்.”

மறுநாள் அவர் ஒரு அலுவலகத்தில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மற்ற இரண்டு பேரும் மறுபக்கத்தை வெட்டி முடித்தார்கள். என்ன போட்டீர்கள் என்று அன்று சாயங்காலம் ஒப்புக்குக் கேட்டார். டிரம்ஸும் பேஸும் இருக்கு மாமா என்றான் மச்சான். பொய்யில்லை. வேறென்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மனைவி திரும்பி வந்து, உறைகளை மடித்துப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தாள். ஓரம் பிசகாமல் அவள் ஒட்டுவதைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

விழா ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் நடந்தது. மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடைக்காரம்மா தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். மூன்றாவது சரணத்தில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும், நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி, தலையை லேசாகச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள். கைதட்டவும் செய்தாள்.

கடைக்காரம்மா தட்டைத் திருப்பினார்.

டிரம்ஸ் மெதுவாக நடந்து வந்தது. பின்னால் பேஸ். அப்புறம் ஒரு பெண் குரல், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்வது போல. யாருடையது என்று பிடிபட அவருக்கு இரண்டு வரி ஆயிற்று. அவள் பாடி அவர் கேட்டதேயில்லை.

‘சாப்பாடு ஆச்சா. சார்ஜர் எங்க. இந்தச் சட்டை இன்னும் காயலையா. போன்ல யாரு. ஃபேனைக் குறை.’

அவ்வளவுதான் பாட்டு. ஒருநாள் முழுக்க அவர் அவளிடம் பேசிய பேச்சு. அதில் புகாரில்லை, பதிலில்லை. முடிந்ததும் மறுபடி ‘சாப்பாடு ஆச்சா’ என்று, அடுத்த நாள் போல, முதலிலிருந்து தொடங்கியது. முதல் சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் பெண்கள் மட்டும் சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அப்புறம் இன்னொரு தடவை. தட்டைத் திருப்பச் சொல்லி எவரும் கேட்கவில்லை. உறையில் கையெழுத்து வாங்க அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஓரமாக நின்ற பாட்டுக்காரரிடம் ஒரு பெண் வந்து, நீங்களும் இந்தக் குழுவா என்று மரியாதையாக விசாரித்தாள்.

“முன்பக்கம்,” என்றார்.

மச்சானை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நீ யார் பக்கம்டா என்று பல்லைக் கடித்தார்.

“மறுபக்கம், மாமா.”

அப்புறம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். ‘செவிட்டு வீடு’ பதிவான வாரமே அதை அவர் மனைவிக்குப் போட்டுக் காட்டியிருந்தான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாளாம். அவள் குரலைப் பதிந்தது பரிசோதனை நிலையத்தில், காது சோதிக்கிற சின்ன அறைக்குள். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராது. அதனால்தான் குரல் அவ்வளவு சுத்தம்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. பசித்தது, ஆனால் அதைக் கேட்க முடியாது. புழுங்கியது, அதையும் சொல்ல முடியாது. வாய்க்கு வந்ததெல்லாம் தட்டில் ஏறியிருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி வெகுநேரம் யோசித்து, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

அவள் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கேட்டேனே. அக்கா வீட்டுக்குக் கிளம்பினப்போ, பையும் கையுமா நின்னு, மறுபக்கத்துல நான் ஒண்ணு பாடட்டுமான்னு கேட்டேன். நீங்க கிடாருக்குக் கம்பி மாத்திக்கிட்டிருந்தீங்க. என்னவோ பண்ணு, கதவைச் சாத்திக்கோன்னீங்க.”

அவருக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“சாத்திக்கிட்டுத்தாங்க பாடினேன்,” என்றாள் அவள்.