இஸ்திரிப்பெட்டிக்கு நாலு பிரமிடு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த லேப்டாப் முதன்முதலாக வந்து இறங்கிய அன்று, புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல ஆட்கள் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். விலை அப்படி. குடும்பத்தோடு செருப்புக்கடைக்குப் போய் வரும் செலவில் ஒரு கணினி என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? ஒரே மாதத்தில் முப்பது வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. வெள்ளி நிறம், மெல்லிசான உடம்பு, மூடியில் ஒரு பளபளப்பு. வாங்கியவர்கள் வாங்காதவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லி மாளாது.

இரண்டு வாரம் ஜோராக ஓடியது. மூன்றாவது வாரம் காய்ச்சல் கண்டது. அரைமணி நேரம் வேலை செய்தால் அடிப்பாகம் கொதித்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, மனம் இருந்தால் திரையில் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் மாடி டியூஷன் வாத்தியார் அதை மடியில் வைத்துப் பாடம் நடத்தி, பாதியில் ‘ஐயோ’ என்று துள்ளி எழுந்தார். அன்றிலிருந்து அதற்கு ‘இஸ்திரிப்பெட்டி’ என்றே பெயர். கம்பெனிக்குப் போன் செய்தால் ஓர் இசை போடுவார்கள். நல்ல இசை. முழுதாகக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அலைவரிசை ஐயா அவதரித்தார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் அறை. போன வருஷம் வரை அதே அறையில் செல்போன் கவர் விற்றவர். இப்போது வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பித்தளைக் குண்டு. “சாமி கிடையாது, மந்திரம் கிடையாது. சுத்தமான சயின்ஸ்!” என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் படித்தவர்கள் பொத்தென்று விழுந்தார்கள். சாம்பலைக் கொடுத்தால் சிரிக்கிற கூட்டம், ‘அதிர்வு’ என்று சொல்லிச் செம்பைக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டது.

காலை எட்டு மணிக்கே படிக்கட்டில் வரிசை. ஆளுக்கொரு இஸ்திரிப்பெட்டியைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் ஒரு படிவம். பெயர், தொழில், லேப்டாப் வாங்கிய நாள், வீட்டில் யார் யார், யாருக்கு யாரோடு ஒத்துப்போகாது என்பது வரை. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். ஐயா படிவத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கண்ணை மூடி, குண்டைச் சுழலவிட்டு, “உங்க வீட்டுல ஒரு மாமியார் இருக்காங்க” என்பார். வெளியே வந்தவர்கள் கண் கலங்கிச் சொல்வார்கள்: “எப்படிங்க கண்டுபிடிச்சாரு!”

லேப்டாப்பை மட்டும் அவர் ஆன் செய்ய விடமாட்டார். “கரண்டு வந்தா அலை கலைஞ்சிடும்” என்பார். கடைசியில் நான்கு செம்புப் பிரமிடுகள் தருவார். விரல் கணு உயரம். லேப்டாப்பின் நான்கு மூலைக்கும் அடியில் வைக்க வேண்டும். நாற்பது நாளுக்கு ஒருமுறை கொண்டுவந்து, சக்தி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சும்மா இல்லை, கட்டணத்தோடு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது வேலை செய்தது! பிரமிடு வைத்த மறுநாள் லேப்டாப்புகள் சமர்த்தாக ஓடின. நான் சொல்வதை நம்பலாம். நானும் ஒரு செட்டு வாங்கியவன்தான். புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்று விடுபட்டால் கண்ணில் குத்தும். என் மேஜையில் உட்கார்ந்திருந்த அவ்வளவு பெரிய பிழை மட்டும் தெரியவில்லை.

என் எதிர்வீட்டில் மூன்று பேர். அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவர், எங்கள் எல்லோருக்குமே ‘அண்ணி’. மூன்றாவது, ஓட்டுநரின் தங்கை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. குறித்த நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த வேலை வராது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே சீப்பில் தலை வாருகிற அளவுக்கு ஒட்டுதல்.

தங்கையும் பிரமிடு வாங்கினாள். மேஜையில் வைத்தவரை ஒழுங்காக ஓடியது. முதுகு வலிக்கிறதென்று ஒருநாள் கட்டிலில், மெத்தைமேல் வைத்து வேலை செய்தாள். பத்தே நிமிடத்தில் இஸ்திரிப்பெட்டி பழைய குணத்துக்குத் திரும்பியது. அனுப்ப வேண்டிய கோப்பு பாதியில் நின்றது. அடுத்தடுத்து இரண்டு வேலைகள் கைநழுவிப் போயின. அழுதுகொண்டே ஐயாவிடம் ஓடினாள்.

ஐயா குண்டைச் சுழற்றினார். “பிரமிடு தோக்காதும்மா. பிரமிடையே தோக்கடிக்கிற கண்ணு ஒண்ணு உங்க வீட்டுக்குள்ள இருக்கு. ரத்த சம்பந்தம் இல்ல. கல்யாணம் ஆகி வந்தவங்க.”

படிவத்தில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அன்று மாலையே அந்த வீட்டில் சீப்பு இரண்டானது. தங்கை லேப்டாப்பை அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணி அறைக்குள் வந்தால் இவள் வெளியே போனாள். பேருந்தில் அறுபது பேரைச் சமாளிக்கிற அண்ணன், வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே திருதிருவென்று விழித்தார்.

நான்காம் நாள் அண்ணி நேராகவே கேட்டார். வாசற்கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. (கதவு திறந்திருந்தது என்பதும் உண்மை, நான் எழுந்து போய் நின்றேன் என்பதும் உண்மை.)

“ஏம்மா, என்மேல என்ன கோபம்?”

“உங்க கண்ணுதான் அண்ணி என் வேலையைக் கெடுக்குதாம். ஐயா சொல்லிட்டாரு.”

அண்ணி முதலில் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“எங்க, அந்தப் பெட்டியை ஒரு தடவை குடு.” வாங்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “இங்க பாரு, காத்து போற ஓட்டையெல்லாம் வயித்துலதான் இருக்கு. காலு நாலும் உளுந்து உயரம்கூட இல்ல. தரையோட ஒட்டி உக்காந்தா சூடு எப்படி வெளிய போகும்? சூடு ஏறினா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். ஃப்ரிட்ஜைச் செவுத்தோட ஒட்டி வச்சாலும் இதே கதைதான். பிரமிடு தூக்கிப் பிடிச்சுது, அவ்வளவுதான். மெத்தையில அமுங்கிப்போச்சு, மறுபடியும் மூச்சு முட்டுது.”

“நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னும் ஐயா சொன்னாரு.”

அண்ணி லேப்டாப்பை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு சாப்பிடவில்லை என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் கருவிப் பெட்டியோடு அவர் படியிறங்கிய வேகத்தைப் பார்த்தபோது, யாருக்கோ நேரம் சரியில்லை என்று மட்டும் தெரிந்தது.

அந்த ஞாயிறு காலை, எங்கள் பொதுக்கூடத்தில் ஐயாவின் இலவச விளக்கக் கூட்டம். ஏற்பாடு, குடியிருப்போர் சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர். அவர் கடையில் தலைவலி மாத்திரை விற்பார். தன் தலைவலிக்குப் பிரமிடைத் தலையில் வைத்துக்கொள்வார். நாற்காலிகள் நிரம்பி, ஜன்னல் கட்டைகளும் நிரம்பின. ஐயா அரைமணி நேரம் அண்டவெளியில் உலாவிவிட்டு, “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்றார். எல்லா மேடைகளிலும் சொல்கிற வார்த்தைதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான்.

அண்ணி எழுந்தார்.

“ஐயா, இந்தப் பிரமிடை அடியில வைக்காம மேல வச்சா வேலை செய்யுமா?”

ஐயா புன்னகைத்தார். “அலைக்கு ஏதும்மா மேல, கீழ? எங்க வச்சாலும் பாயும்.”

“அப்ப பாத்துருவோம்.”

இரண்டு லேப்டாப்புகள் கேட்டார். டியூஷன் வாத்தியாரும் நானும் கொடுத்தோம். என்னுடையதை மேஜைமேல் படுக்கவைத்து, மூடியின் நான்கு மூலையிலும் பிரமிடுகளை வைத்து நாடாவால் ஒட்டி, பிறகு மூடியைத் திறந்து வைத்தார். வாத்தியாருடையதற்கு அடியில், பையிலிருந்து எடுத்த நான்கு தண்ணீர் பாட்டில் மூடிகள். இரண்டிலும் ஒரே செய்தி ஒளிப்பதிவு, கூடவே ஒரே பெரிய கோப்பு. முப்பது நிமிடம். அதுவரை ஐயா பிரபஞ்சத்தைத் தொடர்ந்தார். யாரும் கேட்கவில்லை. அத்தனை கண்ணும் மேஜையில்.

இருபத்திரண்டாவது நிமிடம், என் லேப்டாப்பில் செய்தி வாசிக்கிற பெண் திறந்த வாயோடு நின்றுபோனாள். பாட்டில் மூடிப் பெண் மழை நிலவரம் வரை போய்விட்டாள்.

கூட்டத்தில் சலசலப்பு. ஐயா சளைத்தவரா? “கூட்டத்துல பொறாமை அலை ஜாஸ்தி! யாரோ வேணும்னே தடுக்கிறாங்க.” பார்வை அண்ணிமேல் நின்றது. “உங்க லேப்டாப்பைக் கொண்டாங்க. உங்க வண்டவாளத்தை அதுவே சொல்லும்.”

“அதுக்குத்தாங்க கொண்டுவந்திருக்கேன்” என்று அண்ணி பையிலிருந்து இன்னொரு இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். படிவத்தையும் முறையாக நிரப்பி நீட்டினார். தொழில்: ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டில்: கணவர், நாத்தனார். ஒத்துப்போகாதவர்: நாத்தனார்.

ஐயா படித்தார். கண்ணை மூடினார். குண்டு சுழன்றது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“அடடா... ரொம்ப பாதிக்கப்பட்ட மெஷின். உள்ள இருக்கிற ஞாபகமெல்லாம் கொதிக்குது. இடது பக்கத்துல ஒரு பொம்பளையோட பொறாமை முள்ளு மாதிரி குத்தி நிக்குது.” குண்டு வேகமெடுத்தது. “கூடவே இருக்கா. சிரிச்சுப் பேசுவா. உங்க நாத்தனார்தாம்மா! அவ கண்ணு இருக்கிறவரைக்கும் இது உருப்படாது.”

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது. தங்கை எழுந்து நின்றாள்.

“நானா? யோவ், நானா? அன்னிக்கு அண்ணி கண்ணுன்னு என்கிட்ட சொன்னியே! இன்னிக்கு என் கண்ணா?”

ஐயா குண்டைக் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு, “கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கலாம்மா. மெஷின் பொய் சொல்லாது” என்றார்.

“கரெக்ட். மெஷின் பொய் சொல்லாது” என்றார் அண்ணி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எட்டுத் திருகாணிகள். வரிசையாகக் கழற்றி ஐயாவின் படிவத்தின்மேலேயே வைத்தார். அடிமூடியை நிமிர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார்.

உள்ளே ஒன்றுமில்லை. பலகை இல்லை, பாட்டரி இல்லை, ஓர் ஒயர்கூட இல்லை. கனத்துக்காக ஒரு குளியலறை ஓடு. பழுதுபார்க்கும் கடையில் கழித்துப்போட்ட வெறும் கூடு அது.

“ஞாபகம் எங்கங்க கொதிக்குது? ஓட்டுலயா? என் நாத்தனாரோட பொறாமை இடது பக்கம்னு சொன்னீங்களே, ஓட்டுக்கு இடது எது?”

முதலில் சிரித்தது டியூஷன் வாத்தியார். பிறகு ஜன்னல் கட்டைகள். பிறகு கூடம் முழுக்க. ஐயா, “உடம்பு போனாலும் அலை போகாது...” என்று ஆரம்பித்தார். அதை முடிக்க யாரும் விடவில்லை. வெள்ளைக் கோட்டின் பைகளில் பிரமிடுகள் வந்து விழுந்தன. “எல்லாருக்கும் பணம் திருப்பித் தர்றேன்” என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கதவுப் பக்கம் வழி கிடைத்தது. அதற்கும் செயலாளர் மறக்காமல் ஒரு படிவம் நீட்டினார்.

தங்கை அண்ணிமுன் வந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க அண்ணி. அவன் என்னைச் சொன்னப்பதான் எனக்கு வலிச்சுது. உங்களைச் சொன்னப்ப நம்பிட்டேன்.”

“அதுதான் அவன் தொழில் ரகசியமே. அடுத்தவங்களைச் சொன்னா நாம உடனே நம்பிடுவோம்.” அண்ணி ஓட்டைக் கையில் எடுத்தார். “வா, வீட்டுக்குப் போய் உன் பெட்டிக்கு ஒரு பலகை அடிச்சுத் தர்றேன். மெத்தையில வச்சாலும் அமுங்காது.”

இத்தோடு முடிந்திருந்தால் நான் எங்கள் குடியிருப்பைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பேன். அண்ணி வாசலைத் தாண்டுவதற்குள் செயலாளர் ஓடிவந்து வழிமறித்தார். பின்னாலேயே பத்துப் பேர். அவர் கையில் சின்னக் குறிப்பேடு, பேனா, பக்தி.

“அண்ணி, அந்த பாட்டில் மூடி என்ன கலர்? நீலமா, பச்சையா? எந்தத் திசையைப் பார்த்து வைக்கணும்? உங்க கையால எடுத்துக் குடுத்தா இன்னும் நல்லா வேலை செய்யுமா?”

அண்ணி பையைத் தோளில் மாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்தக் கலர் வேணா வைங்க, எந்தத் திசை வேணா வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ‘ஏன்’னு ஒரே ஒரு தடவை கேளுங்க. அதுக்கு லேப்டாப் வேணாம். பொறந்தப்பவே தலைக்குள்ள வச்சு அனுப்பிச்ச சாமான் ஒண்ணு இருக்கு. இன்னும் கவர்கூடப் பிரிக்காம வச்சிருக்கீங்க.”

செயலாளர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.