டெஸ்டிங் சாரின் பின்சீட்டு

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இருக்கிறார். தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ரிட்டயரானவர் என்பதால் டெஸ்டிங் சார் என்றே பெயர். குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்பார்.

அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் பின் ஷாக் அப்சர்பர் இரண்டும் செத்துப்போயின. கொள்ளிடம் பாலத்தில் ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் வண்டி தூக்கிப் போட்டதில் அவர் மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"இனிமே நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமையானால் இருவரும் அந்த வண்டியில்தான் சமயபுரம் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை சார் வீட்டு அம்மா பஸ்ஸில் போனார். சார் காலிப் பின்சீட்டோடு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

மறுநாள் என் வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் எங்க வீட்லயும் ஒரே வெயிட்டுங்க. டெஸ்டுக்கு வரணும். பேண்ட் வேணாம், வேட்டி கட்டிக்கங்க. அவ புடவையில ஏறணும்ல."

பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். மடியில் அர்ச்சனைக் கூடை. அதில் நன்றாகப் பழுத்த பூவன்பழம். பழம் நசுங்கினால் ஷாக் அப்சர்பர் ஃபெயில். இவரிடமிருந்து தப்பித்தால் போதும் என்று பாலக்கரை ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக மாட்டிப் பார்க்கக் கொடுத்தார். முதல் ஜோடி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கானது. பாலத்தில் நான் ஒரு பக்கமும் பழம் ஒரு பக்கமும் பறந்தோம். அடுத்தது மெத்தென்று அமுங்கி, டயர் மட்கார்டில் இடித்தது.

"கேஸ் அடைச்ச டைப் போடுங்க சார். பசங்க எல்லாம் இதான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர்.

அதைப் போட்டதில் சீட் உயர்ந்துவிட்டது. டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் நான் வேட்டியோடு ஏறியதைப் பார்த்தவர்கள் தங்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் சார்.

"மானம் போகுதுங்க."

"முதுகைக் கேட்டேன்."

கடைசியில் வண்டியோடு வந்த அதே மாடலைப் புதிதாக வாங்கி, ஸ்பிரிங் இறுக்கத்தை ஒரு படி குறைத்து மாட்டினார். பழம் பிழைத்தது.

வெள்ளிக்கிழமை அம்மா பின்சீட்டில் ஏறினார். திரும்பி வந்ததும் விசாரித்தேன்.

"முதுகு வலிக்கலங்க. ஆனா பாலத்துல ஜாயிண்ட்டு வந்தா நிறுத்தி, காலை ஊனித் தள்ளிக்கிட்டே போனாரு. சைக்கிள்காரங்கள்லாம் எங்களத் தாண்டிப் போயிட்டாங்க."

சாரைப் பார்த்தேன். "அப்ப ஷாக் அப்சர்பர் நல்லாருக்கான்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுங்க" என்றார், வண்டியைத் துடைத்துக்கொண்டே. "அவள வச்சு டெஸ்ட் பண்ண மனசு வரல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வேட்டியைத் துவைத்து மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். அவர் மறுபடி கூப்பிட்டால் ஏறிக்கொள்வேன்.