புளோராவின் நடு வட்டம்

இலோயிலோ

என் மகளுக்கு ஞானத்தகப்பனும் எனக்கு உடன்பிறவாச் சகோதரருமான கும்பாரே இலாரியோவுக்கு, தியோதோரோ வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் என் சண்டைச் சேவலைத் தவிர இங்கு எல்லோரும் சுகம்.

கும்பாரே, உங்கள் ஞானமகள் ஜெயித்துவிட்டாள்! புளோரா கடகடவென்று வாசிப்பாள், என்ன புரிந்தது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள், உங்களுக்கே தெரியும். இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் மறுபடியும் நாலாம் வகுப்புதான் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் பல்மாரெஸ் டீச்சர் கதையைப் படமாகப் போடக் கற்றுக்கொடுத்தார். நடுவில் பெரிய வட்டம், கதை எதைப் பற்றி என்று அதில் எழுத வேண்டும், சுற்றிலும் யார், எங்கே, என்ன ஆசை, என்ன தடை என்று சின்ன வட்டங்கள், எல்லாவற்றுக்கும் கோடு. அவ்வளவுதான், வீட்டுச் சுவரெல்லாம் வட்டம், நான் சவாரி ஓட்டும் டிரைசிக்கிள் கூரையிலும் வட்டம். போன வாரம் என் மனைவி, அரிசி தீர்ந்தது, ஃபேன் ஓடவில்லை, நான் பூசைக்கு வரவில்லை என்று பொரிந்து தள்ள, புளோரா வரைந்துகொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மா, நீ சொன்ன எல்லாக் கோடும் அப்பாவோட சேவலுக்குத்தான் போகுது" என்றாளே பார்க்கணும்! "அடிப்பாவி, பெத்த அப்பனையே காட்டிக்குடுக்கிறியே"ன்னு நான் கத்துறேன், இவ அம்மா "மாதாவே, எம் பிள்ளைக்குப் புரியுது"ன்னு கட்டிப்பிடிச்சு அழுவுறா. சேவல் அன்றைக்கே மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது. போகட்டும்.

நேற்றுப் பரீட்சை. மேற்பார்வையாளர் கொடுத்த மீனவன் கதையை வாசித்தாள், வரைந்தாள். "மீனவன் ஏம்மா தன் வலையையே அறுத்தான்?" என்றார் அவர். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். "வலைக்குள்ள அவன் தம்பி மாட்டிக்கிட்டான் சார். வலை போனாப் போகுது, தம்பி வேணும். அதான் நடு வட்டத்துல வலையை எழுதல, தம்பியை எழுதுனேன்." மனிதர் எழுந்து நின்று கைதட்டினார், கும்பாரே! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமா? எதுக்கு வெட்கம்? என் மகள் அஞ்சாம் வகுப்பு!

கப்பல் வேலையில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்கு வர முடியவில்லை என்று நீங்கள் குரல் செய்தியில் அழுததை உங்கள் மனைவி சொன்னார். இந்த வருடம் விருந்துக்குப் பன்றி வாங்கித் தருவது உங்கள் முறைதான், இருந்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். மாதா உங்கள் கப்பலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பு மாணவியின் தகப்பன்,
தியோதோரோ

பின்குறிப்பு: மேலே உள்ள ஆசீர்வாதத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் மனைவி இப்போதுதான் வந்து, உங்கள் குரல் செய்திகளைப் புளோராவுக்குப் போட்டுக்காட்டினார். நேற்று முடிவெட்டிக்கொண்டது, முந்தாநாள் தங்கை மகளைப் பள்ளியில் விட்டது எல்லாம் நீங்களே உளறியிருக்கிறீர்கள். அவள் வரைந்த 'எங்கே' வட்டத்தில் கடல் இல்லை, மணிலாவில் உங்கள் தங்கை வீடு. நடு வட்டத்தில் பன்றி. ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் மனைவி கையில் கொடுத்து அனுப்புகிறேன். கதவைத் திறங்கள், கும்பாரே.